அடையாளம்: படத்தில் உள்ளபடி

மனிதர்கள் தாங்கள் உயிரை விட்டுத் தேடும் ஆளின் படத்தைக்கூட ஒழுங்காக அனுப்ப மாட்டார்கள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே செல்போனில் எடுப்பார்கள். கண்ணாடியில் டியூப்லைட்டும் எடுத்தவரின் வழுக்கையும் தெரியும், தேடப்படுகிறவர் தெரியமாட்டார். பன்னிரண்டு பேர் நிற்கும் படத்தை அனுப்பி, "பின்வரிசையில் மூன்றாவது ஆள்" என்று எழுதுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது என்பதை நான் சோழி போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு மகராசி, காணாமல் போன கணவரின் தலையில் முயல் காது முளைத்த படத்தை அனுப்பியிருந்தாள். அந்த மனிதர் சிரித்து எடுத்த படம் வீட்டில் அது ஒன்றுதானாம். முயல் காதை எடுத்து முடியை வரவழைக்க எனக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது.

காணாமல் போனவர்களுக்கான இணையதளம் ஒன்றுக்குப் படங்களைத் தயார் செய்வதுதான் என் வேலை. தளத்தில் இரண்டு பக்கங்கள் உண்டு. 'தேடுகிறோம்' என்பதில் வீட்டார் அனுப்பும் படங்கள் வரும். 'இவரைத் தெரியுமா?' என்பதில் காப்பகங்களும் மருத்துவமனைகளும் தங்களிடம் வந்து சேர்ந்த, பெயர் தெரியாதவர்களின் படங்களை அனுப்பும். இரண்டு பக்கத்து முகங்களும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தளத்தை நடத்துகிறவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் எடைக்காரர். எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் அவர் முதலில் கேட்பது, "என்ன எடைம்மா?" என்பதுதான். அறுபது கிலோபைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் புரிந்தது, மனிதர் சொல்வது சரிதான். நம் தளத்தைப் பார்ப்பவர்கள் பஸ் நிலையத்தில் நிற்பவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் காவல் இருப்பவர்கள். பழைய போன், இழுத்து இழுத்து வரும் இணையம். முகம் வருவதற்குள் விரல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால், அந்த முகம் தளத்தில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் எடையைக் குறைக்கிறேன் என்று முகத்தைக் கஞ்சியாக்கிவிடக் கூடாதே. அங்கேதான் என் திமிர். வந்த மூலப்படத்தை நான் தொடவே மாட்டேன். அதைத் தனியாகப் பூட்டி வைத்துவிட்டுப் பிரதியில்தான் கை வைப்பேன். முகத்தைச் சுற்றி வெட்டுவேன். அளவை ஒரே அடியாகக் குறைக்காமல் படிப்படியாகக் குறைப்பேன், கடைசியில் கண்களுக்கு மட்டும் கொஞ்சம் கூர்மை ஏற்றுவேன். சேமிப்பது ஒரே ஒரு முறை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படம் கொஞ்சம் தேய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பத்து முறை சேமித்த முகம் பத்து வருடம் வெயிலில் கிடந்தது போல ஆகிவிடும். எல்லாம் முடிந்ததும், திரையில் கீறல் விழுந்த ஒரு பழைய போனில் திறந்து பார்ப்பேன். அதில் முகம் பளிச்சென்று வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

வீட்டில் ஈ காக்கா கிடையாது. நானும் கம்ப்யூட்டரும்தான். கல்யாணம் ஒன்று நடந்தது, நாலு வருடத்தில் முடிந்தது. அவரைக் குறை சொல்லலாம் என்றால் இப்போது ஞாபகமே சரியாக வரவில்லை. கடல் தாண்டி ஒரு தம்பி இருக்கிறான். என் பிறந்தநாளுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்புவான். நாற்பது பேர் கை மாறி வந்த படம் என்று பார்த்தாலே தெரியும், பூவெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். நாற்பத்தொன்பது வயதில் ஒரு நாளைக்கு முப்பது முகங்களை உற்றுப் பார்க்கிறேன், ஒருவரோடும் பேசுவதில்லை. சில நாட்கள் போன் அடித்து "ஹலோ" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு அதுதான் என் முதல் வார்த்தை என்று தெரியும். தொண்டை கட்டிக்கொண்டு வரும். தனிமை பழகிவிட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எனக்கு இருபது வருடமாகப் பழகவில்லை.

அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண் ஒருத்திதான் என்னோடு அடிக்கடி பேசுகிறவள். படிவங்களை அவள் வாங்கிக்கொள்வாள்; பெயர், வயது, உயரம், அடையாளம் எல்லாம் அவளிடம் போகும். என்னிடம் ஒரு எண்ணும் படமும் மட்டும் வரும். ஒரு லாரி டிரைவரின் தம்பி படமும் அப்படித்தான் வந்தது. செயலி வழியாக அனுப்பியதில் அது தன் பங்குக்குப் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொடுத்திருந்தது. நான் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை டிரைவரே அழைத்தார்.

"வணக்கம் மேடம். தம்பி போட்டோ சரியில்லன்னு சொன்னாங்களாம்."

"அது போட்டோவே இல்ல சார். மூக்கு எது, வாய் எதுன்னு நானா முடிவு பண்ணணும் போல இருக்கு. அச்சுப் படம் இல்லையா?"

"இருக்கு மேடம். வண்டியில முன்கண்ணாடி ஓரமா கவர் போட்டு வச்சிருக்கேன். எங்க நிறுத்தினாலும் எடுத்துக் காட்டுவேன்."

"அத கூரியர்ல அனுப்புங்க. நானே ஸ்கேன் பண்ணிட்டு பத்திரமா திருப்பி அனுப்பறேன்."

"அது ஒண்ணுதான் இருக்கு மேடம்," என்றார்.

அவர் கதையை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். தம்பிக்கு மனசு கொஞ்சம் சரியில்லை. அதிகம் பேச மாட்டான். மூன்று வருடத்துக்கு முன் வைத்தியத்துக்கு அழைத்துப் போனபோது, பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்டு வாங்கியதெல்லாம் வெளியூர் ஓட்டம்தான்.

"இப்ப ஏன் அவசரப்படறேன்னா, அம்மாவுக்கு முடியல மேடம். டாக்டர் ரெண்டு மாசம், மிஞ்சிப் போனா மூணு மாசம்னு சொல்லிட்டாரு. தினமும் ஒரே பேச்சுதான், அவன ஒரு தடவ பாத்துட்டா போதும்னு. எப்படியாவது அதுக்குள்ள..."

"அனுப்புங்க சார். என்னால முடிஞ்சத பண்றேன்," என்றேன். சொன்ன மாதிரியே செய்தேன். அதுதான் வினை.

படம் வந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எடுத்தது. கட்டம் போட்ட சட்டை, எங்கேயோ பார்க்கும் கண்கள், தோளில் அண்ணனின் கை. வண்டியின் சூட்டில் படத்தின் மேற்பூச்சு அங்கங்கே உரிந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது. நெற்றியில் இரண்டு, கழுத்தில் ஒன்று, கன்னத்தில், சட்டையில் என்று ஒன்பது. எல்லாம் அரிசிக் குருணை அளவு. ஸ்கேன் செய்து மூலத்தைப் பூட்டிவிட்டுப் பிரதியை எடுத்துக்கொண்டேன். வெட்டிக் குறைத்த பிறகும் எடை அறுபத்தேழில் நின்றது. தரத்தை இறக்கினால் அறுபதுக்குள் வந்துவிடும், ஆனால் கண்கள் மங்கும். அதற்கு நான் ஆள் இல்லை. படத்தில் பொடி விவரங்கள் குறைந்தால் எடையும் குறையும்; அதனால் பின்னால் இருந்த சுவரின் பொரிப்பொரியை மென்மையாக்கினேன். ஒன்பது புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தால் மூடினேன். ஐம்பத்தெட்டு. பழைய போனில் திறந்தேன். இமை முடி எண்ணலாம் போல இருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காட்ட ஆள் இல்லாததால் போன் பெண்ணை அழைத்து, பார்த்தாயா என்று கேட்டேன். "சூப்பர்க்கா, ஹீரோ மாதிரி இருக்கார்," என்றாள். டிரைவரும் அழைத்தார். "தம்பி பளிச்னு இருக்கான் மேடம். அம்மா பாக்கட்டும்னு இந்தப் படத்த என் பழைய போன்ல ஏத்தி, போனையே குடுத்துட்டேன்," என்றார். அச்சுப் படத்தைப் பஞ்சு வைத்துப் பொதிந்து திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு முழுவதும் நல்ல மனநிலையில் இருந்தேன். வீட்டுக்காரம்மாவைப் படிக்கட்டில் பார்த்து நானாகவே சிரித்தேன். அவர் எதற்கோ பயந்துபோனார்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு மதியம் 'இவரைத் தெரியுமா?' பக்கத்துக்கு ஆறு படங்கள் வந்தன. எல்லாம் ஒரே காப்பகத்திலிருந்து வந்தவை. எங்கேயோ ஒரு நர்ஸுக்குப் படம் எடுக்கத் தெரிந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நல்ல வெளிச்சம், நேர் பார்வை, அசையாத கை. நாலாவது படத்தில் ஒட்டிய கன்னம், வழித்த தலை, இளைத்த ஒரு மனிதன். இடது கன்ன எலும்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. என் கை தானாகவே துடைக்கும் கருவியை எடுத்துப் புள்ளியின் மேல் வைத்துவிட்டது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அச்சுப் படம் என்றால் உரியும். போனில் எடுத்த படத்தில் எது உரிந்து புள்ளி விழும்?

பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி இல்லை அது, தழும்பு. ஆறிப்போய் வெளுத்த பழைய தழும்பு. இதே இடத்தில் இதே அளவில் ஒன்றைப் பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. டிரைவரின் தம்பி ஸ்கேனைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். காது மடல், புருவம், எங்கேயோ பார்க்கும் அதே கண்கள். இடது கன்னத்தில் அதே குருணை. ஒன்பது புள்ளிகளில் எட்டுதான் படம் உரிந்தது.

போன் பெண்ணை அழைத்து அந்தப் படிவத்தைப் படிக்கச் சொன்னேன். வயது, உயரம், நிறம் என்று படித்துக்கொண்டே வந்தாள். "அடையாளம்னு போட்ட இடத்துல, 'படத்தில் உள்ளபடி'ன்னு எழுதிருக்காருக்கா."

காப்பகத்து எண்ணை வாங்கி நானே அழைத்தேன். அங்கிருந்த நர்ஸ்தான் போனை எடுத்தார். அந்த ஆள் மூன்று மாதமாக அங்கே இருக்கிறாராம். பேசுவதில்லை. என்றைக்காவது பெயர் சொல்வார் என்று காத்திருந்துவிட்டு, இப்போதுதான் படம் அனுப்பினார்களாம்.

"எங்க தளத்துல 'தேடுகிறோம்' பக்கம் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேனே. யார் வந்தாலும் முதல்ல அதான் பாப்பேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு படம் இவர மாதிரியே இருந்துச்சு. கிட்டத்தட்ட போன் கூட பண்ணப் போனேன். ஆனா பெருசாக்கிப் பாத்தா அந்த ஆளு கன்னத்துல ஒண்ணுமே இல்ல. இவருக்கு பழைய தழும்பு. படம் கொஞ்சம் மங்கலா இருந்திருந்தா கூட எதுக்கும் கேட்டுப் பாப்போம்னு நெனச்சிருப்பேன். அவ்ளோ தெளிவா இருந்துச்சு. அதனாலதான் இவர் இல்லன்னு விட்டுட்டேன்."

"அவர் அண்ணனுக்குச் சொல்லிடறேன்," என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

டிரைவர் எங்கோ வண்டியை ஓரங்கட்டியிருந்தார், பின்னால் ஹாரன் சத்தம். உங்கள் தம்பி கிடைத்துவிட்டார் என்றேன். இந்த வார்த்தையைச் சொல்ல ஆசைப்பட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன். பதினோரு வருடத்தில் நானே ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் "எங்க, எங்க" என்று இரண்டு முறை கேட்டார். ஊர் பெயரைச் சொன்னேன்.

"அம்மா போயிட்டாங்க மேடம். இன்னியோட இருபத்தாறு நாள்."

இருபத்தாறு நாள். நர்ஸ் படத்தைப் பார்த்து, இவர் இல்லை என்று விட்டது இரண்டு மாதத்துக்கு முன். இதற்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. அன்றே அவர் போன் செய்திருந்தால், தம்பி வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலருகே ஒரு மாதம் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஒரு மாதத்தைத்தான் நான் ஏழெட்டு நொடியில் துடைத்து, மேலே தோல் நிறம் பூசியிருக்கிறேன். போனில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சீக்கிரம் போங்க சார்," என்றேன். அவர் நன்றி சொன்னார். மூன்று தடவை சொன்னார்.

அடுத்த நான்கு நாட்கள் எனக்கு வாழ்க்கையில் கிடைக்காத புகழெல்லாம் கிடைத்தது. "அக்கா, கழுகுக் கண்ணுக்கா உங்களுக்கு! ரெண்டு பக்கத்து முகத்தையும் மனசுலயே ஒத்துப் பாத்திருக்கீங்களே!" என்று போன் பெண் குதித்தாள். எடைக்காரர் அழைத்து, முதல் முறையாக எடையைப் பற்றிக் கேட்காமல் பேசினார். தளத்தில் என்னைப் பற்றி நாலு வரி போடலாமா என்றார். என் படம் ஒன்று வேண்டுமாம். தேடினேன். என்னிடம் இருந்த கடைசிப் படம் ஒன்பது வருடத்துக்கு முந்தைய அடையாள அட்டைப் படம். நாளைக்கு நான் காணாமல் போனால் இதை யார் எடுத்து யாருக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். எனக்கு என் மேல் இரக்கம் வந்தது. உடனே கோபமும் வந்தது, இந்த நேரத்தில் உனக்கு உன்னைப் பற்றி என்னடி கவலை என்று.

நடந்தது வேறு யாருக்கும் தெரியாது. நர்ஸுக்கு அச்சுப் படம் தெரியாது, டிரைவருக்கு நர்ஸ் சொன்னது தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். தளத்தில் இருந்த படத்தைக் 'கிடைத்துவிட்டார்' என்று எடுத்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் கதை இதோடு முடிந்தது. ஆனால் அந்த மனிதர் மூன்று தடவை சொன்ன நன்றி காதிலேயே நின்றது. அது என்னுடையது இல்லை. வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஐந்தாம் நாள் காலை, முகம் கழுவி, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பது போலத் தலை வாரிக்கொண்டு அவரை அழைத்தேன்.

"சொல்லுங்க மேடம். தம்பி வந்துட்டான். நல்லா சாப்பிடறான். நேத்து என் கைய புடிச்சுக்கிட்டே தூங்கினான்."

"சந்தோஷம் சார். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வச்சிடாதீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகள், எடை, துடைத்தது, நர்ஸ் பார்த்தது, விட்டது, தேதிகள். என் மேல் தப்பு இல்லாதது போலத் தெரியும் ஒரு வார்த்தைகூட வராமல் பார்த்துக்கொண்டேன். தழும்பைப் படம் உரிந்த புள்ளி என்று நினைத்தேன், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றேன்.

டிரைவர் மெதுவாகப் பேசினார்.

"அந்தத் தழும்பு அம்மாவால வந்தது மேடம். அவனுக்கு ஆறு வயசு இருக்கும். சாப்பிட மாட்டேன்னு ஒரே அடம். கோவத்துல கையில இருந்த சூடான கரண்டிய வீசிட்டாங்க. கண்ணுல படலியேன்னு எல்லாரும் சமாதானம் சொன்னோம். அம்மா சமாதானம் ஆகல. அதுக்கப்புறம் அவன் மூஞ்சிய நேரா பாத்தே பேச மாட்டாங்க."

திரையில் அந்த ஸ்கேனைத் திறந்து கன்னத்தைப் பெரிதாக்கினேன்.

"உங்க படத்த போன்ல குடுத்தேன்ல, அத பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாங்க. 'டேய், அது ஆறிடுச்சுடா, இருந்த இடமே தெரியல'ன்னாங்க. அப்புறம் கடைசி நாள் வரைக்கும் அந்த போன கீழ வைக்கல. எனக்கு அப்பவே தெரியும் மேடம், தழும்பு எங்க போச்சுன்னு உங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கணும்னு. நாளைக்கு நாளைக்குன்னு போடல. நீங்க பழைய மாதிரி மாத்திட்டா அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"சார்..."

"அதனால உங்கள திட்டறதுக்கு எனக்கு வாய் வரல. ஆனா அம்மா அவன நேர்ல பாத்திருக்கலாம். தழும்போடவே பாத்திருக்கலாம். திட்டலங்கறதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க மேடம். என்னையே நான் இன்னும் விடல."

அவர் வைத்துவிட்டார். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வெகு நாட்களுக்குப் பிறகு என்னிடம் ஒருவர் மனசைத் திறந்து பேசியிருக்கிறார், அதுவும் இதற்காக. அந்தப் படம் அந்தத் தாய்க்கு எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்று இந்த உலகத்தில் பேசிக்கொள்ள எனக்கு அவரும், அவருக்கு நானும்தான் இருக்கிறோம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைத்தேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கூட வைத்திருக்கவில்லை. மணி முழுக்க அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை.